பெட்டியில் எழுதிய வாட், சுவரில் ஓடும் வாட்: ஜே1900, 6500டி, என்100 – ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட இயந்திரம்: இன்டெல் செலரான் ஜே1900 ப்ராசசர் பதித்த சிறிய மதர்போர்டு, 8 ஜிபி ரேம், இயங்குதளத்துக்கு ஒரு எஸ்எஸ்டி, தரவுக்கு இரண்டு 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க், 400 வாட் ஏடிஎக்ஸ் பவர் சப்ளை. 24 மணி நேரமும் ஓடுகிறது. அதற்கு நான்கு வேலை: நெட்வொர்க்கில் கோப்புப் பகிர்வு, இரவில் குறியாக்கம் செய்த பேக்கப், டிவிக்கு வீடியோ அனுப்புவது, பகலில் பிரவுசரும் கணக்குத்தாளுமாகச் சாதாரண மேசை வேலை. இந்த வகை அமைப்பு இன்னும் பரவலாகப் புழக்கத்தில் இருப்பதால்தான் அதையே நிகழ்வாக வைத்துக்கொண்டோம்.

மாற்றுக்கு இரண்டு பேர் வரிசையில் நிற்கிறார்கள். முதலாவது, அலுவலகங்களிலிருந்து கழித்துக்கட்டப்பட்டு வரும் கோர் ஐ5-6500டி சிறு பெட்டி; 2015-இன் ப்ராசசர். இரண்டாவது, 2023-இல் வந்த இன்டெல் என்100. இரண்டுமே 'குறைந்த மின்சாரம்' என்ற பெயரில் விற்பவை. ஜே1900-உம் 2013-இல் அதே பெயரில்தான் வந்தது.

கீழே வரும் தாள் எண்கள் தயாரிப்பாளர் வெளியிட்டவை. சுவர் அளவுகள், அதாவது சுவர் பிளக்கில் அளந்த மொத்த வாட், இப்படிப்பட்ட பெட்டிகளில் வழக்கமாகக் கிடைக்கும் வரம்புகள்; போர்டுக்குப் போர்டு இரண்டு மூன்று வாட் நகரும். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: மின்கட்டணம் குறையும் என்று நம்பி மாற்றினால் ஏமாற்றம்தான். மாற்றுவதற்கு வேறு வலுவான காரணங்கள் இருக்கின்றன, அவை வாட் கணக்கில் தெரியாது.

டிடிபி சொல்வதும் சொல்லாததும்

ஜே1900-க்கு 10 வாட், 6500டி-க்கு 35 வாட், என்100-க்கு 6 வாட். இந்த மூன்று எண்ணை மட்டும் பார்த்தால் தீர்ப்பு எழுதிவிடலாம் போலிருக்கும். ஆனால் டிடிபி மின்நுகர்வு அளவு அல்ல. இவ்வளவு வெப்பத்தைத் தொடர்ந்து வெளியேற்றும் ஹீட்சிங்க் வைத்துக்கொள் என்று பெட்டி செய்பவருக்குச் சொல்லும் எண் அது. ப்ராசசர் சும்மா இருக்கும்போது என்ன இழுக்கிறது என்பது அதில் இல்லை. ப்ராசசருக்கு வெளியே போர்டு என்ன இழுக்கிறது என்பது அறவே இல்லை.

இதற்குப் பழைய உதாரணம் 2008-இன் ஆட்டம் 230. ப்ராசசருக்கு 4 வாட். அதோடு வந்த 945ஜிசி சிப்செட்டுக்கு 22 வாட். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அந்தக் காலத்துப் போர்டுகளில் ஃபேன் சிப்செட்மேல் சுழலும், ப்ராசசர் வெறும் ஹீட்சிங்க்குடன் உட்கார்ந்திருக்கும். பார்த்தவர்கள் எது ப்ராசசர் என்று குழம்பியதில் வியப்பில்லை. ஜே1900-இல் அந்தச் சிக்கல் தீர்ந்தது: நினைவகக் கட்டுப்பாடு, கிராபிக்ஸ், சாட்டா என்ற டிஸ்க் இணைப்பு, யுஎஸ்பி எல்லாம் 22 நானோமீட்டர் சிப் ஒன்றுக்குள்ளேயே வந்துவிட்டன. என்100-க்கும் போர்டில் தனி சிப்செட் வேண்டியதில்லை. 6500டி-க்கு மட்டும் தனி சிப்செட் உண்டு; ஆனால் அது 945ஜிசி போலப் பெருந்தீனி தின்பதில்லை.

'டி' எழுத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. ஐ5-6500-உம் ஐ5-6500டி-யும் ஒரே சிலிக்கான். டி ரகத்தில் வேகமும் மின் உச்சவரம்பும் தாழ்த்தி வைக்கப்பட்டிருக்கின்றன: அடிப்படை 2.5 கிகா ஹெர்ட்ஸ், டர்போ என்ற தற்காலிக உச்ச வேகம் 3.1. சும்மா இருக்கும்போது இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுதான் இழுக்கும், ஏனென்றால் அந்த நேரத்தில் உச்சவரம்புக்கு வேலையே இல்லை. நாள் முழுக்க 95 சதவீத நேரம் சும்மா இருக்கும் இயந்திரத்துக்கு டி ரகம்தான் வேண்டும் என்று தேடி அலைவது வீண் வேலை. பயாஸில் (போர்டின் துவக்க அமைப்புத் திரையில்) மின் வரம்பை மாற்ற இடம் தரும் போர்டு இருந்தால் 65 வாட் ப்ராசசரை 35 வாட்டுக்கு இறக்கி, நீங்களே ஒரு 'டி' செய்துகொள்ளலாம்.

புதிய தலைமுறைகளில் டி ரகம் இன்னும் நழுவலாகிவிட்டது. ஐ5-12500டி-க்கு அடிப்படை மின்சக்தி 35 வாட். உச்ச டர்போவுக்கு 74 வாட். ஐ5-13500டி-க்கு 35-உம் 92-உம். பெட்டிமேல் 35 என்றிருப்பதை நம்பி 65 வாட் அடாப்டரை மாட்டினால், முழுச் சுமையில் முதல் அரை நிமிடத்திலேயே பெட்டி அணையலாம், அல்லது வேகத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளலாம். பிஎல்2 என்ற குறுகிய நேர வரம்பு, பிஎல்1 என்ற நீண்ட நேர வரம்பு, இரண்டுக்கும் இடையே பெரும்பாலும் 28 வினாடி. இந்த மூன்றையும் பார்க்காமல் டி ரகத்தை எடைபோட முடியாது.

என்100-இல் இதே கதை தலைகீழாக நடக்கிறது. தாளில் 6 வாட். பல சிறு பெட்டிகள் பயாஸில் பிஎல்1-ஐ 10, 15, சிலது 20 வாட்டுக்கும் மேலே உயர்த்தி வைத்து அனுப்புகின்றன. அதனால்தான் ஒரே என்100 ஒரு பெட்டியில் சோர்ந்தும் இன்னொன்றில் சுறுசுறுப்பாகவும் இருக்கிறது. ஃபேன் இல்லாத பெட்டியில் 6 வாட்டுக்கே கட்டிப்போட்டிருப்பார்கள். நான்கு கோரும் சேர்ந்து வேலை செய்யும்போது 3.4 கிகா ஹெர்ட்ஸ் எட்டவே எட்டாது. ஒற்றைக் கோர் வேலைக்கு அந்தக் கட்டு பெரிதாக உறைக்காது.

சும்மா இருக்கும்போது

எங்கும் பிளக் மீட்டரால் அளக்க வேண்டும். மென்பொருள் காட்டும் வாட் ப்ராசசர் துண்டை மட்டும் கணக்கெடுக்கிறது. மலிவான மீட்டர்கள் 5, 10 வாட் அளவில் ஆடும் என்பதால் கணநேர எண்ணை நம்பாமல் 24 மணி நேரம் ஓடவிட்டு, ஓடிய யூனிட்டை 24-ஆல் வகுப்பது நல்லது. ஒரு நாளில் 0.48 யூனிட் என்றால் சராசரி 20 வாட். திரை தனி பிளக்கில் இருக்கட்டும்.

நல்ல அடாப்டருடன், ஒரே ஒரு எஸ்எஸ்டி மட்டும் மாட்டிய நிலையில் மூன்றும் எங்கே நிற்கின்றன? ஜே1900 போர்டு 10 வாட்டை ஒட்டி. 6500டி சிறு பெட்டி 8 முதல் 12. என்100 பெட்டி 6 முதல் 10. பத்தாண்டு இடைவெளிக்கு இவ்வளவுதான் வித்தியாசம். 1 வாட் ஆண்டு முழுக்க ஓடினால் 8.76 யூனிட். 3 வாட் மிச்சமானால் ஆண்டுக்கு 26 யூனிட் சொச்சம். மாதத்துக்கு இரண்டு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. இதற்காகப் புதுப் பெட்டி வாங்குவது எந்தக் கணக்கிலும் சேராது.

நம் நிகழ்வில் சுவர் அளவு இதைவிடப் பெரிது. அதற்குக் காரணம் ப்ராசசர் அல்ல. 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் ஒன்று சும்மா சுழலவே 4 முதல் 6 வாட் எடுக்கும், இரண்டுக்கு 10. அடுத்த கோளாறு பவர் சப்ளை. 80 பிளஸ் என்ற மின்திறன் சான்றிதழின் சாதாரணப் படிகள் 20 சதவீதச் சுமையிலிருந்துதான் திறனைச் சோதிக்கின்றன. டைட்டானியம் படிக்கு 10 சதவீதச் சோதனையும் உண்டு. 400 வாட் சப்ளையில் 20 சதவீதம் என்பது 80 வாட். நம் இயந்திரம் இழுப்பதோ 20 சொச்சம், அதாவது 5, 6 சதவீதம். அந்த இடத்தில் சப்ளையின் திறன் என்ன என்று தங்கச் சான்றிதழும் சொல்லாது. பழைய சப்ளை இங்கே ஐந்தாறு வாட்டை வெறும் சூடாகவே விடும். ப்ராசசரைத் தொடாமல், 12 வோல்ட் அடாப்டரும் சிறு டிசி மாற்றிப் பலகையும் போட்டாலே என்100-க்கு மாறுவதால் கிடைப்பதைவிட அதிகம் மிச்சமாகலாம்.

அதிலும் ஒரு பொறி இருக்கிறது. 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் முதல் சில வினாடிகளில் 12 வோல்ட் வரியில் 2 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், அதாவது டிஸ்க்குக்கு 24 வாட். இரண்டு டிஸ்க் ஒன்றாகக் கிளம்பினால் 48, போர்டுக்கு மேலும் 15. ஓடும்போது 20 வாட்தானே என்று 60 வாட் அடாப்டர் போட்டவர்களுக்கு இயந்திரம் சில நாள் எழும், சில நாள் எழாது. டிஸ்க்கில் 'கிளிக்' சத்தம் கேட்டு டிஸ்க் செத்துவிட்டது என்று பதறுவார்கள். 90 அல்லது 120 வாட் அடாப்டர் போட்டால் அந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது, ஆழ்உறக்க நிலைகள். 6500டி-யும் என்100-உம் 8 வாட்டுக்கு இறங்குவதற்குக் காரணம், கோர்கள் மட்டுமல்லாமல் முழுத் துண்டும் சி8 போன்ற நிலைகளுக்கு (எண் கூடக்கூட உறக்கம் ஆழம்) போய் உறங்குவதுதான். போர்டில் கூடுதல் கருவிகளை இணைக்கும் பிசிஐஇ வழியில் தொங்கும் ஏதாவது ஒரு கருவி இணைப்பை உறங்கவிட மறுத்தால் முழுத் துண்டும் விழித்தபடியே கிடக்கும். ஐந்தாறு சாட்டா துளை கொண்ட என்100 போர்டுகளில் வழக்கமான குற்றவாளி, கூடுதலாகச் சேர்த்த சாட்டா சிப். ஜேஎம்பி585 வைத்த போர்டுகள் ஆழமான நிலைகளுக்குப் போகாமல் நின்றுவிடுவது தெரிந்த விஷயம். ஏஎஸ்எம்1166 அதற்குத் தக்க ஃபர்ம்வேர் இருந்தால் போகவிடும். நெட்வொர்க் சிப்புக்கும் டிரைவரிலேயே இந்த உறக்கம் அணைக்கப்பட்டிருக்கலாம். லினக்ஸில் பவர்டாப் கருவியைத் திறந்து, முழுத் துண்டின் உறக்க நிலைகளில் எவ்வளவு சதவீத நேரம் செலவாகிறது என்று பாருங்கள். சி2, சி3-லேயே நின்றால் பயாஸில் ஏஎஸ்பிஎம் (பிசிஐஇ இணைப்பை உறங்கவிடும் அமைப்பு) அணைந்திருக்கிறதா என்பது முதல் சோதனை. பிறகு கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். சலிப்பான வேலை, ஆனால் 4, 5 வாட் இங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஜே1900-க்கு ஆழ்உறக்கமே நோய். அது சேர்ந்த பே ட்ரெயில் குடும்பத்தில் லினக்ஸ் திடீரென உறைந்துபோகும் குறை பல ஆண்டுகள் பேசப்பட்டது. கெர்னல் (இயங்குதளத்தின் உட்கரு) துவக்க வரியில் உறக்க நிலையை 1-க்கு மட்டுப்படுத்துவதுதான் அப்போது எல்லாரும் கைக்கொண்ட மருந்து. உறைவது நிற்கும்; சும்மா இருக்கும்போது ஓடும் வாட் சற்று ஏறும். உங்கள் ஜே1900 மற்றவர்களுடையதைவிடக் கூடுதலாக இழுத்தால், என்றோ யாரோ சேர்த்துவைத்த அந்த வரி இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வேலை செய்யும்போது

நான்கு கோரும் சேர்ந்து உழைத்தால் என்100 ஜே1900-ஐப்போல நான்கு மடங்கு வேலையை முடிக்கும். 6500டி-யும் என்100-உம் அநேகமாகத் தோளோடு தோள். 35 வாட் கோர் ஐ5-க்கு 6 வாட் சிறு கோர்கள் ஈடுகொடுப்பது மாயமில்லை. என்100-இல் உள்ள கிரேஸ்மாண்ட் கோர், ஒரே வேகத்தில் 6500டி-யில் உள்ள ஸ்கைலேக் கோரின் அளவுக்கு வேலை செய்கிறது, வேகமும் 3.1-க்கு எதிராக 3.4. இருவருக்கும் எல்3 கேஷ் (ப்ராசசருக்குள் இருக்கும் வேக நினைவகம்) 6 எம்பி.

இந்த வேகம் மின்சாரத்திலும் கொஞ்சம் தெரியும். கணக்குக்காக இப்படி வைப்போம்: ஜே1900 பெட்டி டிஸ்க் நீங்கலாக 20 வாட்டில் 60 நிமிடம் ஓடி ஒரு வேலையை முடிக்கிறது, 20 வாட்-மணி. என்100 அதே வேலையை 25 வாட்டில் 15 நிமிடத்தில் முடித்து மீதி 45 நிமிடம் 8 வாட்டில் உறங்குகிறது: 6.25-உம் 6-உம் சேர்ந்து 12.25 வாட்-மணி. உச்சத்தில் அதிகம் இழுக்கும் பெட்டிதான் மொத்தத்தில் குறைவாக எடுக்கிறது. ஆனால் ஒரு நாளில் இப்படி ஒரே ஒரு மணி நேர வேலை இருந்தால் மிச்சம் 8 வாட்-மணிக்கும் குறைவு. தினமும் பல மணி நேரம் உழைக்கும் இயந்திரத்துக்கு மட்டுமே இந்த வாதத்தில் எடை உண்டு.

மேசையில் உட்கார்ந்து பயன்படுத்துபவருக்குத் தெரிவது வேறு. ஜே1900-இன் ஒற்றைக் கோர் இன்றைய கனமான இணையப் பக்கங்களில் திணறுகிறது. தட்டச்சு செய்த எழுத்து திரைக்கு வரக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. எத்தனை கோர் இருந்தும் பக்கத்தின் ஸ்கிரிப்ட் ஒரே கோரில்தான் வரிசை கட்டும். 6500டி, என்100 இரண்டிலும் இந்தத் தயக்கம் இல்லை. மாற்றுவதற்கு முதல் நியாயமான காரணம் இது.

தெரியாத கட்டளைகள்

இரண்டாவது காரணம் இதைவிடக் கறாரானது. ஜே1900-க்கு ஏஇஎஸ் என்ற பரவலான குறியாக்க முறைக்கான கட்டளைகள் இல்லை. குறியாக்கம் முழுவதும் சாதாரணக் கணக்காக ஓடுவதால், கிகாபிட் நெட்வொர்க் தரும் நொடிக்கு 110 எம்பி சொச்சத்தை நிரப்பவே ஒரு கோர் மூச்சு வாங்குகிறது. 6500டி-யிலும் என்100-இலும் ஏஇஎஸ் வன்பொருளிலேயே இருப்பதால் நொடிக்கு 1 ஜிபிக்கு மேல் போகும். அதன்பின் டிஸ்க்தான் தடை. இரவு பேக்கப் விடியும்வரை இழுப்பதற்கு நம் நிகழ்வில் காரணம் இதுவே. பழைய போர்டையே வைத்துக்கொள்வதானால் ஏஇஎஸ்ஸை விட்டுச் சாச்சா20 என்ற வேறு குறியாக்க வகைக்கு மாறலாம். வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருள் ஏற்கெனவே அதைத்தான் பயன்படுத்துகிறது. டிஸ்க்குக்கு லினக்ஸ் 5.0 முதல் அடியாண்டம் முறை உண்டு. ஏஇஎஸ் கட்டளை இல்லாத ப்ராசசர்களுக்காகவே 2019-இல் கூகுள் வெளியிட்டது. ஆனால் ஏற்கெனவே குறியாக்கம் செய்த டிஸ்க்கை மாற்ற, தரவை வெளியே எடுத்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும்.

அடுத்தது ஏவிஎக்ஸ், பல எண்களை ஒரே கட்டளையில் கணக்கிடும் தொகுப்பு. ஜே1900-க்கு இல்லை. அதன் வாரிசுகளான 2017-இன் ஜே4105-க்கும், 2019-இன் ஜே4125-க்கும்கூட இல்லை. மாங்கோடிபி என்ற தரவுத்தள மென்பொருளின் 5.0-இலிருந்து எக்ஸ்86 கணினியில் ஏவிஎக்ஸ் கட்டாயம். இல்லாத ப்ராசசரில் 'செல்லாத கட்டளை' என்று ஒரே வரி சொல்லிவிட்டு விழுந்துவிடும். நேற்றுவரை ஓடிய கன்டெய்னர் (தனிப் பொதியாக ஓடும் மென்பொருள்) இன்று புதுப்பித்ததும் திரும்பத் திரும்ப விழுந்து எழுகிறது என்றால், உள்ளே மாங்கோடிபி இருக்கிறதா என்று பாருங்கள். ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9-க்கு எஸ்எஸ்இ4.2 வரையிலான எக்ஸ்86-64-வி2 என்ற கட்டளைத் தொகுப்பு மட்டம் போதும், ஜே1900 தேறும். 10-ஆம் பதிப்பு ஏவிஎக்ஸ்2 அடங்கிய வி3 மட்டத்தைக் கேட்கிறது. ஜே1900-உம் ஜே4125-உம் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். 2008-இன் ஆட்டம் வி2-வுக்கே தேறாது.

6500டி-யும் என்100-உம் ஏவிஎக்ஸ்2 தெரிந்தவை. கழித்துக்கட்டிய பெட்டிகளை வாங்கும்போது ஓர் எச்சரிக்கை: வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் பெட்டியில் ஐ5-க்குப் பதில் பென்டியம் ஜி4400டி இருக்கலாம். அதே ஸ்கைலேக் தலைமுறை, அதே 35 வாட். ஆனால் பென்டியம், செலரான் பெயரில் விற்றவற்றில் இன்டெல் ஏவிஎக்ஸ்ஸை அடைத்துவைத்திருந்தது. பழையது என்றாலே கட்டளைக் குறை என்றும் நினைக்க வேண்டாம்: 2014-இன் ஏஎம்டி ஆத்லான் 5350, 25 வாட், நான்கு ஜாகுவார் கோர், அதற்கு ஏஇஎஸ்ஸும் தெரியும், ஏவிஎக்ஸ்ஸும் தெரியும்.

வீடியோ

எச்.264 சுருக்க முறை வீடியோ மட்டும் என்றால் மூன்றுமே போதும். அதற்கு அடுத்த சுருக்க முறையான ஹெச்இவிசி ஜே1900-இன் வன்பொருளுக்குத் தெரியாது. ப்ராசசரே அவிழ்க்க முயன்று 4கே-யில் படம் படமாக நிற்கும். 6500டி 8-பிட் ஹெச்இவிசியை முழுதாக அவிழ்க்கும். 10-பிட் ஹெச்இவிசியிலும் விபி9-இலும் பாதி வன்பொருள், பாதி மென்பொருள். முழு ஆதரவு அடுத்த தலைமுறையான கேபி லேக்கில்தான் வந்தது. இன்றைய 4கே எச்டிஆர் படங்கள் 10-பிட் என்பதால் டிவிக்கு வீடியோ அனுப்பும் வேலைக்கு 6500டி ஒரு தலைமுறை முன்னால் பிறந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். கேபி லேக் வகையான 7500டி கிடைத்தால் அதை எடுங்கள்.

என்100 எச்.264, 10-பிட் ஹெச்இவிசி, விபி9, ஏவி1 நான்கையும் வன்பொருளில் அவிழ்க்கும். ஏவி1-ஆக மாற்றி எழுத அதற்குத் தெரியாது, ஹெச்இவிசியாக எழுதலாம். இந்த ஒரு வேலையில் போட்டியே இல்லை.

வழிகளின் அகலம்

என்100 கஞ்சத்தனம் காட்டுவது இங்கேதான். ஒற்றை ரேம் வழி, அதிகாரப்பூர்வமாக 16 ஜிபி. பெரும்பாலான போர்டுகளில் 32 ஜிபி துண்டும் ஓடுகிறது, ஆனால் அதற்கு உத்தரவாதம் இல்லை. டிடிஆர்4-3200 போட்டால் நொடிக்கு 25.6 ஜிபி, டிடிஆர்5-4800 போட்டால் 38.4. 6500டி-க்கு இரண்டு வழி: டிடிஆர்4-2133 இரண்டு துண்டு போட்டால் 34.1, உச்சம் 64 ஜிபி. (ஒரே துண்டுடன் வரும் பெட்டியில் இது பாதி, முதலில் அதைச் சரிபாருங்கள்.) ஜே1900-க்கு 8 ஜிபிதான் எல்லை. பல மெய்நிகர் இயந்திரங்களை (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகளை) ஒரே பெட்டியில் ஓட்டுபவருக்கு 2015-இன் ஐ5 இன்னும் நல்ல தேர்வு.

பிசிஐஇ வழிகளும் அப்படியே. என்100-க்கு மொத்தம் 3.0 வழி ஒன்பது. இரண்டு நெட்வொர்க் துளை, எம்.2 என்ற எஸ்எஸ்டி துளை, சாட்டா சிப் என்று பங்கு பிரித்ததும் எம்.2-க்கு ஒரே ஒரு வழி மிஞ்சும் போர்டுகள் உண்டு. வேகமான எஸ்எஸ்டி போட்டாலும் நொடிக்கு 1 ஜிபிக்குள்தான். போர்டின் விவரத்தாளில் 'எம்.2' என்ற சொல்லோடு நிற்காமல் அதன் எதிரே எத்தனை வழி என்ற எண்ணைத் தேடுங்கள்.

6500டி சிறு பெட்டியின் சிக்கல் வேறு: உள்ளே 3.5 அங்குல டிஸ்க்குக்கு இடமே இல்லை. யுஎஸ்பி பெட்டியில் டிஸ்க்கை வெளியே தொங்கவிட்டால் சில யுஎஸ்பி சிப்புகள் டிஸ்க்கின் உடல்நிலைத் தகவலை மறைக்கும், சில சுழற்சியை நிறுத்தவிடாது, சில சுமையில் இணைப்பையே உதறும். இரண்டு டிஸ்க் உள்ள நம் நிகழ்வில் டி ரகச் சிறு பெட்டியைவிட, ஒரு சுற்றுப் பெரிய பெட்டியில் உள்ள சாதாரண ஐ5-6500 பொருத்தம். சும்மா இருக்கும்போது ப்ராசசர் அளவில் இரண்டும் ஒன்றுதான் என்று மேலே பார்த்தோம். பெரிய சப்ளைக்காகச் சில வாட் கூடும். அந்தப் பெட்டிகளின் சப்ளை பெரும்பாலும் தயாரிப்பாளரின் சொந்த வடிவம், சொந்த இணைப்பு முனை. பழுதானால் கடையில் கிடைக்கும் ஏடிஎக்ஸ் சப்ளை நேராக ஏறாது.

இயங்குதளம்

விண்டோஸ் 10-இன் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-இன் பட்டியல் இன்டெல்லின் எட்டாம் தலைமுறையிலிருந்து; அதனால் 6500டி-யும் 7500டி-யும் வெளியே, 8500டி உள்ளே. ஜே4125 உள்ளே, என்100 உள்ளே. வேகத்தில் 6500டி-க்குப் பின்னால் நிற்கும் ஜே4125 பட்டியலில் இருப்பது சிரிப்புக்குரியதுதான், ஆனால் பட்டியல் அப்படி. அலுவலகங்கள் ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகளை மொத்தமாகக் கழித்ததற்கும் இதுவே பெரிய காரணம். லினக்ஸ் போடுபவருக்கு இந்தக் கோடு இல்லை. மெல்ட்டவுன் என்ற ப்ராசசர் பாதுகாப்புக் குறைக்கான தடுப்பு 6500டி-யில் கெர்னலுக்குள் அடிக்கடி போய்வரும் வேலைகளைச் சற்று மெதுவாக்கும். என்100-க்கு அந்தத் தடுப்பு தேவையில்லை.

மாற்றும் வேலை

நம் நிகழ்வுக்கு வருவோம். இரண்டு டிஸ்க், குறியாக்கம், 10-பிட் வீடியோ, மேசை வேலை. மெய்நிகர் இயந்திரம் இல்லை. இதற்கு என்100 போர்டுதான் பொருந்துகிறது. ஐந்தாறு சாட்டா துளை உள்ளதைத் தேட வேண்டாம்: ப்ராசசரே தரும் இரண்டு சாட்டா துளை நமக்குப் போதும், கூடுதல் சிப் இல்லாததால் உறக்கமும் கெடாது. இயங்குதள எஸ்எஸ்டி எம்.2-க்குப் போகும். வீடியோ வேலை இல்லாமல் மெய்நிகர் இயந்திரங்கள் இருந்திருந்தால் ஐ5-6500 பெட்டிக்குத்தான் போயிருக்க வேண்டும்.

ஜே1900-இன் ரேம் புதிய போர்டில் ஏறாது; அது 1.35 வோல்ட் டிடிஆர்3எல், புதியது டிடிஆர்4 அல்லது டிடிஆர்5. மதர்போர்டை மாற்றும் முன் பேக்கப்பை ஒருமுறை உண்மையில் மீட்டெடுத்துப் பாருங்கள். டிஸ்க் குறியாக்கத்தின் திறவுகோல் பழைய போர்டின் டிபிஎம் என்ற பாதுகாப்பு சிப்பில் பூட்டப்பட்டிருந்தால் மீட்புச் சாவியை முதலில் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்; போர்டு மாறியதும் அது கேட்கப்படும். பழைய எஸ்எஸ்டியிலிருந்து லினக்ஸை அப்படியே நகலெடுத்துத் துவக்கினால் நெட்வொர்க் துளையின் பெயர் மாறியிருக்கும், நிலையான முகவரி அமைப்பு வேலை செய்யாது. திரையும் விசைப்பலகையும் இல்லாமல் மூலையில் வைத்தவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் துவக்கத்துக்குத் திரையை மாட்டுங்கள். உறக்க நிலையை மட்டுப்படுத்திய அந்தப் பழைய கெர்னல் வரியும் நகலோடு வந்திருக்கும். அதை நீக்காவிட்டால் புதிய ப்ராசசரும் உறங்காது.

பயாஸில் மூன்று இடம்: ஏஎஸ்பிஎம்மை இயக்குங்கள், ஆழ்உறக்க நிலைகளை முழுதாகத் திறங்கள், பிஎல்1-ஐப் பாருங்கள். பிஎல்1 20 வாட் என்றிருந்து ஃபேன் கத்தினால் 10-க்கு இறக்கினால் போதும். இரவு பேக்கப்புக்கும் வன்பொருள் வீடியோவுக்கும் வேகம் குறைந்ததே தெரியாது. பிறகு பத்து நிமிட முழுச் சுமை. லினக்ஸின் டர்போஸ்டாட் கருவியில் முதல் 28 வினாடிக்குப் பின் வாட் எங்கே நிலைக்கிறது, வெப்பம் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வாட் வரம்பைத் தொடாமலேயே வேகம் விழுந்தால் ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை.

பழைய ஐ5 பெட்டியைத் தேர்ந்தெடுப்பவருக்கு வேலைப் பட்டியல் வேறு. சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள், இல்லையென்றால் மின்சாரம் போய் வரும்போதெல்லாம் தேதியும் பயாஸ் அமைப்பும் அழியும். ப்ராசசருக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையே காய்ந்துபோன பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது தடவுங்கள். பயாஸுக்குக் கடவுச்சொல் போட்டிருக்கிறார்களா என்று வாங்கும் முன்பே பாருங்கள். இருந்தால் விட்டுவிட்டு வேறு பெட்டியைப் பாருங்கள்.

எல்லாம் முடிந்தபின் மீண்டும் 24 மணி நேர அளவு. பழைய ஏடிஎக்ஸ் சப்ளையையே வைத்துக்கொண்டிருந்தால் இறங்கியிருப்பது இரண்டு மூன்று வாட்தான் இருக்கும். கழற்றிய ஜே1900 போர்டைத் தூக்கிப்போட வேண்டியதில்லை: வாரம் ஒருமுறை நெட்வொர்க் வழியாக எழுப்பி, இரண்டாவது பேக்கப் எடுத்து, தானாக அணைந்துகொள்ளும் இயந்திரமாக அதை வைத்துக்கொள்ளலாம். குறியாக்கத்தைப் புதிய பெட்டியே செய்து அனுப்பிவிடும், பழையது வாங்கி எழுதினால் போதும். போர்டு அணைந்திருக்கும்போதும் நெட்வொர்க் சிப்புக்காக ஒன்றிரண்டு வாட் ஓடும். அதையும் மீட்டரில் பார்த்துவிடுங்கள்.